பிரிந்து போகும் உரிமை யாருடையது? அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றி ஒரு உரை

(எமது மாதாந்தச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறேன். கேள்வி நேரத்தில் வந்த ஒரு விடயத்தை மட்டும் கடைசியில் சேர்த்திருக்கிறேன்.)



முதலில் ஒரு சின்ன வேண்டுகோள். நான் ரொறொன்ரோவில் பிறந்து வளர்ந்தவள். படிக்கிறது, எழுதுறது எல்லாம் ஆங்கிலத்தில். சில இடத்தில் என்ட தமிழ் தடுக்கும். தடுக்கிற இடத்தில் சொல் எடுத்துக் குடுங்கோ.

இந்த உரை ஒரு பிறந்தநாள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தொடங்கியது. நான் அமெரிக்க வரலாற்றில் முதுகலை செய்கிறேன் என்று என் பெரியப்பாவுக்குத் தெரியும். அவர் கேட்டார்: "பிள்ளை, ஒண்டு கேக்கிறன். தென் மாநிலங்கள் எங்களுக்கு உங்களோட இருக்க விருப்பமில்லை, பிரிஞ்சு போறம் எண்டு சொல்லிச்சினம். லிங்கன் படையை அனுப்பி அடிச்சு ஒண்டாக்கினார். எங்களுக்கு நடந்ததும் அதுதானே? எங்களை அடிச்சவையும் லிங்கனைத்தான் உதாரணம் காட்டுவினம். இடதுசாரியள் நீங்கள் சுயநிர்ணய உரிமை எண்டு கதைக்கிறியள். பிறகு ஏன் லிங்கன்ர பக்கம் நிக்கிறியள்?"

நான் "அடிமைமுறை..." என்று தொடங்கினேன். "அது சாட்டு. உண்மையான காரணம் வரியும் மாநில உரிமையும்" என்றார். அதற்குள் கேக் வெட்டக் கூப்பிட்டு விட்டார்கள். நான் தப்பினேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வெட்கமாக இருந்தது. இரண்டு வருடமாக இதைத்தான் படிக்கிறேன், பெரியப்பாவுக்குத் தமிழில் பத்து நிமிடம் பதில் சொல்ல முடியவில்லை. இன்றைக்கு அந்தப் பதிலைச் சொல்லிப் பார்க்கிறேன்.

1. "கருத்து வேறுபாடு" என்ற சொல்

இங்கே பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்தது இதுதான்: அடிமைமுறை பற்றி வடக்குக்கும் தெற்குக்கும் கருத்து வேறுபாடு இருந்தது, அது முற்றிப் போராக வெடித்தது. கேட்டால் ஏதோ இரண்டு பேர் தேநீர்க் கடையில் வாக்குவாதப்பட்ட மாதிரி இருக்கும்.

முதலில் எண்களைப் பாருங்கள். 1790இல் எடுத்த முதலாவது குடிசன மதிப்பில் அமெரிக்காவில் அடிமைப்படுத்தப்பட்டிருந்தவர்கள் ஏறக்குறைய 7 லட்சம் பேர். 1860இல் ஏறக்குறைய 40 லட்சம் பேர். இடையில் நடந்தது பருத்தி. 1793இல் பருத்தி விதை நீக்கும் இயந்திரம் வந்தது. இங்கிலாந்தின் ஆலைகள் எவ்வளவு பருத்தி வந்தாலும் விழுங்கத் தயாராக இருந்தன. போருக்கு முந்திய ஆண்டுகளில் அமெரிக்காவின் மொத்த ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கு மேல் பருத்தியிலிருந்து வந்தது.

அந்த 40 லட்சம் மனிதர்களுக்கும் சந்தையில் விலை இருந்தது. அவர்களைக் காட்டிக் கடன் எடுக்கலாம், அடகு வைக்கலாம், சீதனமாகக் கொடுக்கலாம், உயிலில் எழுதலாம். 1860இல் அவர்களின் மொத்தச் "சந்தை மதிப்பு" 300 கோடி டொலருக்கு மேல் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். அன்றைய அமெரிக்காவின் ரயில் பாதைகள், தொழிற்சாலைகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அவ்வளவு வராது.

இந்த அளவு சொத்து கையில் இருக்கிறவனோடு கருத்தால் வாதாடி வெல்ல முடியாது. நியாயம் அவனுக்கு விளங்காமல் இல்லை. விளங்கினால் நட்டம்.

2. விட்டுக்கொடுப்புகளின் கணக்கு

"இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்திருந்தால் போர் வந்திராது" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் பதில்: 70 வருடமாக விட்டுக்கொடுத்தார்கள். யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி.

1787: அரசியலமைப்பு எழுதுகிறார்கள். அடிமைகளுக்கு வாக்கு இல்லை. ஆனால் நாடாளுமன்ற ஆசனங்களைக் கணக்குப் பண்ணும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணலாம் என்று தெற்குக்கு விட்டுக்கொடுத்தார்கள். அதாவது, ஒரு மனிதனைப் பூட்டி வைத்திருப்பவனுக்கு அந்த மனிதனின் தலையைக் காட்டி மேலதிக அதிகாரம். முதல் 12 ஜனாதிபதிகளில் 10 பேர் வாழ்க்கையில் ஏதோவொரு கட்டத்தில் அடிமைகளை வைத்திருந்தவர்கள். இத்தனைக்கும் அந்த ஆவணத்தில் "அடிமை" என்ற சொல்லே கிடையாது. சுற்றி வளைத்து எழுதினார்கள். எங்கட ஆக்கள் கலியாண விளம்பரத்தில் சாதியைச் சொல்லாமல் சொல்லுற மாதிரி.

1820: மிசூரி அடிமை மாநிலமாகவும் மெயின் சுதந்திர மாநிலமாகவும் சேர்க்கப்படுகின்றன. மேற்கே வாங்கியிருந்த நிலத்தில் 36 பாகை 30 கலை அட்சரேகையில் ஒரு கோடு கீறி, மிசூரியைத் தவிர, கோட்டுக்கு வடக்கே அடிமைமுறை இல்லை என்றார்கள்.

1850: மெக்சிக்கோவோடு போர் செய்து பிடித்த நிலத்தை என்ன செய்வது என்ற சண்டை. கலிபோர்னியா சுதந்திர மாநிலம். அதற்குப் பதிலாகத் தெற்குக்கு ஒரு புதிய, கடுமையான சட்டம்: தப்பியோடிய அடிமைகள் சட்டம்.

மூன்று ஒப்பந்தங்களிலும் கொடுத்தவரும் வாங்கியவரும் வெள்ளையர்கள். விலை கட்டினவர்களுக்கு அந்த மேசையில் கதிரை இருக்கவில்லை.

இந்த 1850ஆம் ஆண்டுச் சட்டத்தில் கொஞ்சம் நிற்போம், எல்லாம் இங்கேதான் திரும்புகிறது. தப்பி வந்த ஒருவர் வடக்கில் எங்கே இருந்தாலும் பிடித்துத் திருப்பி அனுப்பலாம். ஜூரி விசாரணை கிடையாது. பிடிபட்டவர் தன் தரப்பில் வாய் திறந்து சாட்சி சொல்ல முடியாது. தீர்ப்புச் சொல்லும் ஆணையாளருக்கு, "இவர் அடிமைதான், கொண்டு போ" என்றால் 10 டொலர் கட்டணம். "இவர் அடிமை இல்லை" என்றால் 5 டொலர். நான் முதலில் இதை வாசித்தபோது அச்சுப்பிழை என்று நினைத்தேன். தெருவில் போகும் சாதாரண ஆளையும் பிடிக்க உதவச் சொல்லிக் கட்டளையிடலாம். மறுப்பதும் மறைத்து வைப்பதும் குற்றம்.

அதுவரை வடக்கில் நிறையப் பேருக்கு அடிமைமுறை என்பது "அங்கே, தூரத்தில்" நடக்கும் விடயம். வடக்கின் வங்கிகளும் நெசவாலைகளும் அதில் நன்றாகவே சம்பாதித்தன. இந்தச் சட்டம் அதை அவர்களின் வாசலுக்குக் கொண்டு வந்தது.

1854இல் பொஸ்ரனில் அந்தனி பேர்ன்ஸ் என்ற இளைஞர் பிடிபட்டார். வேர்ஜினியாவிலிருந்து தப்பி வந்தவர், வயது இருபது. அவரை விடுவிக்க ஒரு கூட்டம் நீதிமன்றக் கதவை உடைத்தது, முடியவில்லை. கடைசியில் ஒரே ஒரு மனிதனைத் துறைமுகம் வரை நடத்திக் கொண்டு போக இராணுவத்தை இறக்கினார்கள். தெருவின் இரண்டு பக்கமும் பல்லாயிரம் பேர். கடைகளில் கறுப்புத் துணி. முதல் நாள் வரை "எங்களுக்கு ஏன் வம்பு" என்று இருந்த வியாபாரிகள் மறுநாள் அடிமைமுறையின் எதிரிகளானார்கள். பேர்ன்சைப் பிறகு பணம் சேர்த்து மீட்டார்கள். அவர் படித்து மதபோதகராகி, எங்கட ஒன்ராறியோவில் சென் கத்தரின்சில் பணி செய்து, 1862இல் இறந்தார்.

ஒன்ராறியோ என்றதும் இன்னொன்று. இந்த அறையில் டாக்சி ஓட்டின அங்கிள்மார் எத்தனை பேர்? (நான்கு கை உயர்ந்தது.) இந்த நகரத்தில் முதன்முதலாக வாடகை வண்டித் தொழில் தொடங்கியவர்கள் தோர்ன்ரன் பிளக்பேர்ன், லூசி பிளக்பேர்ன் என்ற தம்பதி. கென்ரக்கியிலிருந்து 1831இல் தப்பினவர்கள். 1833இல் டிட்ரொயிட்டில் பிடிபட்டார்கள். பார்க்க வந்த ஒரு பெண்ணோடு உடுப்பு மாற்றிக்கொண்டு லூசி சிறையிலிருந்து நடந்து வெளியே வந்தார். தோர்ன்ரனை ஒரு கூட்டம் பறித்தெடுத்தது. ஆற்றைக் கடந்து வந்தார்கள். திருப்பி அனுப்பும்படி அமெரிக்கத் தரப்புக் கேட்டது, இங்கத்தை ஆளுநர் மறுத்தார். கனடாவைப் புனிதமாக்க இதைச் சொல்லவில்லை, இங்கேயும் அடிமைமுறை இருந்தது. நான் சொல்ல வருவது வேறு. அரசியல்வாதிகள் ஒவ்வொரு முறையும் ஒப்பந்தம் எழுதி "பிரச்சினை முடிஞ்சுது" என்பார்கள். யாரோ ஒரு லூசி இரவில் எழும்பி நடக்கத் தொடங்குவார். ஒப்பந்தம் கிழிந்துவிடும். ஓடியவர்கள்தான் அந்த விட்டுக்கொடுப்பை நடைமுறையில் முடியாத ஒன்றாக ஆக்கினார்கள்.

அதற்குப் பிறகு வேகமாகப் போனது. 1854இல் கன்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் 1820இன் கோட்டை அழித்தது. "அங்கே குடியேறுபவர்களே வாக்களித்துத் தீர்மானிக்கட்டும்" என்றார்கள். இரண்டு பக்கமும் துப்பாக்கியோடு குடியேறினார்கள். 1856இல் செனட் சபைக்குள்ளேயே அடிமைமுறைக்கு எதிராகப் பேசிய சார்ல்ஸ் சம்னரைத் தெற்கின் ஒரு உறுப்பினர் கைத்தடியால் அடித்து விழுத்தினார். 1857இல் ட்ரெட் ஸ்கொட் வழக்கில் உச்ச நீதிமன்றம், கறுப்பர்கள் நாட்டின் குடிமக்களாக இருக்கவே முடியாது, மேற்குப் பிரதேசங்களில் அடிமைமுறையைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றது. 1859இல் ஜோன் பிரவுன் ஆயுதம் எடுத்தார், தூக்கிலிடப்பட்டார். 1860 நவம்பரில் லிங்கன் வென்றார். தெற்கின் பெரும்பாலான மாநிலங்களில் அவருக்கு வாக்குச்சீட்டே இருக்கவில்லை. அப்படியும் வென்றார்.

லிங்கன் அப்போது அடிமைமுறையை ஒழிப்பேன் என்று சொல்லவில்லை. புதிய நிலங்களுக்குப் பரவ விடமாட்டேன் என்றுதான் சொன்னார். அதுவே போதுமாக இருந்தது. அந்த முதலாளித்துவத்துக்குப் புது நிலம் வேண்டும், அடிமைகளின் விலை விழாமல் இருக்கப் புதுச் சந்தை வேண்டும், செனட்டில் புது ஆசனங்கள் வேண்டும். பரவுவதை நிறுத்தினால் மூச்சு நிற்கும்.

3. "மாநில உரிமை" என்ற சாட்டு

இப்போது பெரியப்பாவின் வாதத்துக்கு வருகிறேன். சாட்டு எது, காரணம் எது?

தென் கரோலினா 1860 டிசம்பர் 20இல் பிரிந்தது. ஏன் பிரிகிறோம் என்று ஒரு அறிக்கை வெளியிட்டது. அதில் என்ன முறைப்பாடு தெரியுமா? வட மாநிலங்கள் தப்பியோடியவர்களைப் பிடித்துத் தரவில்லை, தங்கள் தங்கள் மாநிலத்தில் வேறு சட்டம் போட்டு மத்திய சட்டத்தைத் தடுக்கின்றன என்று. யோசித்துப் பாருங்கள். விஸ்கொன்சின் மாநில நீதிமன்றம் "இந்த மத்திய சட்டம் இங்கே செல்லாது" என்றபோது, மாநில உரிமை பேசியது வடக்கு. மத்திய அரசின் கையை வைத்து அதை நசுக்கச் சொன்னது தெற்கு. மிசிசிப்பியின் அறிக்கை இன்னும் நேர்மையானது, தங்கள் நிலைப்பாடு முழுக்க அடிமைமுறையோடு பிணைந்தது என்று தொடக்கத்திலேயே சொல்கிறது. புதிய கூட்டமைப்பின் துணை ஜனாதிபதி அலெக்சாந்தர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச்சில் மேடையில் சொன்னார்: இந்த அரசின் மூலைக்கல்லே கறுப்பன் வெள்ளையனுக்குச் சமமில்லை என்ற கொள்கைதான் என்று. அவர்களின் புதிய அரசியலமைப்பு அடிமைச் சொத்துரிமையைக் குறைக்கும் சட்டத்தைத் தடை செய்தது.

மாநில உரிமைக் கதை பெரும்பாலும் தோற்ற பிறகு எழுதப்பட்டது. தோற்ற பிறகு எல்லோருக்கும் ஒரு நல்ல காரணம் தேவைப்படுகிறது.

4. போரை யார் மாற்றினார்கள்

1861 ஏப்ரல் 12இல் சம்டர் கோட்டை மீது சுட்டுப் போர் தொடங்கியது. வடக்கு முதலில் நாட்டை ஒன்றாக வைத்திருக்கத்தான் போராடியது. அடிமைமுறையைத் தொடுவதாக இல்லை. சொல்லப்போனால், போருக்கு ஒரு மாதம் முன்பு, மாநிலங்களுக்குள் இருக்கும் அடிமைமுறையில் மத்திய அரசு ஒருபோதும் கைவைக்காது என்ற அரசியலமைப்புத் திருத்தத்தைக் கொங்கிரஸ் நிறைவேற்றியிருந்தது. கடைசி விட்டுக்கொடுப்பு. அதையும் தெற்கு பொருட்படுத்தவில்லை.

மே மாதம் வேர்ஜினியாவில் மூன்று ஆண்கள் இரவில் படகெடுத்து மன்றோ கோட்டைக்கு வந்து வடக்குப் படையிடம் சரணடைந்தார்கள். பிராங் பேக்கர், ஷெப்பர்ட் மலரி, ஜேம்ஸ் டவுன்சென்ட். தளபதி பட்லர் ஒரு வழக்கறிஞர். "இவர்கள் எதிரிக்கு அரண் கட்ட வேலை செய்தவர்கள், ஆகவே போரில் பறிமுதல் செய்த பொருள், திருப்பித் தரமாட்டேன்" என்றார். மனிதரைப் பொருளென்று சொல்லித்தான் அவர்களைக் காப்பாற்ற முடிந்தது. செய்தி பரவியது. மூன்று பேர் நூறானார்கள், நூறு ஆயிரமானது. போகிற இடமெல்லாம் வடக்குப் படையின் பின்னால் மக்கள் வந்தார்கள். டு போய்ஸ் 1935இல் எழுதிய நூலில் இதை ஒரு பொது வேலைநிறுத்தம் என்று அழைத்தார். இடதுசாரிகள் கட்டாயம் படிக்க வேண்டிய இடம் அது. 1863 ஜனவரி 1 விடுதலைப் பிரகடனம் இந்த அழுத்தத்தின் மேல்தான் வந்தது. அதன் பிறகு ஏறக்குறைய 1,80,000 கறுப்பின வீரர்கள் வடக்குப் படையில் சேர்ந்தார்கள். 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்த போர் அது.

லிங்கன் விடுதலை கொடுத்தார் என்பது பாடப்புத்தகம். நடந்தது, எடுத்தார்கள்.

5. சுயநிர்ணயத்தில் "சுயம்" எது?

மார்க்ஸ் இந்தப் போரை லண்டனிலிருந்து பத்திரிகைக்கு எழுதினார். வரிப் பிரச்சினை என்ற வாதத்தை 1861லேயே உடைத்தார். 1864இல் முதலாம் அகிலத்தின் சார்பில் லிங்கனுக்கு வாழ்த்துக் கடிதம் எழுதினார். அயர்லாந்துக்கும் போலந்துக்கும் விடுதலை கேட்ட அதே மார்க்ஸ்தான். லங்காஷயரில் பருத்தி வராமல் ஆலைகள் மூடப்பட்டுப் பட்டினி கிடந்தபோதும் மான்செஸ்டர் தொழிலாளர் கூட்டம் போட்டு லிங்கனுக்கு ஆதரவு எழுதினார்கள்.

இதில் முரண்பாடு இல்லை. 1860 குடிசன மதிப்பின்படி தென் கரோலினாவில் 100 பேரில் 57 பேர் அடிமைகள். மிசிசிப்பியில் 55 பேர். ஆக, "தென் கரோலினா மக்கள் பிரிந்து போக முடிவெடுத்தார்கள்" என்ற வசனத்தில் பெரும்பான்மை மக்கள் இல்லை. அவர்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்கத் தேவையில்லை. கால்களால் வாக்களித்தார்கள்.

பெரியப்பா, அதுதான் வித்தியாசம். பிரிந்து போகும் உரிமை ஒடுக்கப்படுகிறவர்களின் உரிமை. ஒடுக்குவதைத் தொடர்வதற்காகப் பிரிவதற்கு அந்தப் பெயரை வைக்க முடியாது. தனிச் சிங்களச் சட்டமும் தரப்படுத்தலும் ஜூலைக் கலவரமும் பார்த்த எங்களையும், அடிமைச் சந்தையைக் காப்பாற்றப் பிரிந்தவர்களையும் ஒரு தட்டில் வைக்கேலாது.

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருந்தால் எல்லோரும் கைதட்டுவீர்கள். ஆனால் இந்த அளவுகோலைத் தெற்குக்கு மட்டும் பிடித்துவிட்டு நாங்கள் வீட்டுக்குப் போக முடியாது.

யாழ்ப்பாணத்திலும் அடிமைமுறை இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதி மக்களை அடிமைகள் என்று பிரிட்டிஷ் பதிவேடுகளில் பதிந்தார்கள். 1844இல்தான் இலங்கையில் சட்டப்படி ஒழிந்தது. சம்டர் கோட்டையில் முதல் குண்டு வெடிப்பதற்கு வெறும் 17 வருடங்கள் முன்பு. சட்டம் போனது, கோயில் வாசல் திறக்கவில்லை. 1968இல் மாவிட்டபுரத்தில் உள்ளே போகப் போராட வேண்டியிருந்தது. "முதல்ல விடுதலை, சாதியைப் பிறகு பாப்பம்" என்று சொன்னதும் ஒரு விட்டுக்கொடுப்புத்தான். அந்த மேசையிலும் விலை கட்டினவர்களுக்குக் கதிரை இருக்கவில்லை. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களைத் துரத்தியபோது யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அன்றைக்கு "நாங்கள்" என்ற சொல் எவ்வளவு சுருங்கியது?

நாங்களும் அமெரிக்கத் தெற்கும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. எங்கள் உரிமைக்கு உள்ளே ஒரு கேள்வி இருக்கிறது, அதை எதிரி கேட்கும் வரை காத்திருக்காமல் நாங்கள் கேட்க வேண்டும் என்கிறேன்.

6. ஒரு கேள்வியும் பதிலும்

பேசி முடித்த பிறகு ஒரு அக்கா கேட்டார்: "காசு குடுத்து விடுவிச்சிருந்தா இவ்வளவு சாவு வந்திராதே? பிரித்தானியா அப்படித்தானே செய்தது?"

நல்ல கேள்வி. பிரித்தானியா 2 கோடி பவுண் கொடுத்தது, அடிமைகளுக்கு அல்ல, எசமானர்களுக்கு. லிங்கனும் முயன்றார். 1861இல் டெலவெயர் மாநிலத்தில் அடிமைகள் 1,800 பேர் கூட இல்லை. மத்திய அரசு காசு தரும், படிப்படியாக விடுவியுங்கள் என்றார். டெலவெயர் வடக்கோடு நின்ற மாநிலம். அதுகூட மறுத்தது. 1,800 பேருக்கே இணங்காதவர்கள் 40 லட்சத்துக்கு இணங்குவார்களா? காசு மட்டும்தான் பிரச்சினை என்றால் வாங்கியிருப்பார்கள். எனக்குக் கீழே ஒருவன் இருக்க வேண்டும் என்பதற்கு விலை கிடையாது. அடிமை இல்லாத ஏழை வெள்ளையனும் துப்பாக்கி தூக்கியது அதற்காகத்தான்.

போர் முடியும் தறுவாயில் விடுதலையானவர்களுக்குக் கொஞ்சக் கரையோர நிலம் ஒதுக்கினார்கள். சில மாதத்தில் அதைப் பறித்துப் பழைய எசமானர்களுக்கே கொடுத்தார்கள். 1877இல் வடக்கும் தெற்கும் மீண்டும் ஒரு விட்டுக்கொடுப்புச் செய்து படையை விலக்கின. விலை கட்டியது மறுபடியும் அதே மக்கள், அடுத்த 90 வருடம்.

போன கிழமை பெரியப்பாவுக்கு இதெல்லாம் தொலைபேசியில் சொன்னேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். மாவிட்டபுரம் வந்த இடத்தில் "ம்" என்றார். பிறகு சொன்னார்: "அப்ப நான் சின்னப் பெடியன். எங்கட வீட்டில இருந்தும் ஆக்கள் போய் வாசல்ல நிண்டவை பிள்ளை. உள்ள விடாமல் மறிக்க."

அதை அவர் எனக்கு முன்னம் ஒருநாளும் சொன்னதில்லை. அடுத்த சந்திப்புக்குக் கூட்டிக்கொண்டு வரட்டா எண்டு கேட்டன். யோசிக்கிறன் எண்டவர்.